வெள்ளைக்காரர்கள் சுவரிலேயே இருக்கிறார்கள்

அப்பு,

நீ கழற்றச் சொன்ன படங்களை நான் கழற்றவில்லை. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கிற பொறுமை உனக்கு இருக்குமோ இருக்காதோ, அதனால் விஷயத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், ஹாலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். நான்கு வெள்ளைக்காரர்களும் சுவரில் இருந்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய குரல் செய்தியை உன் அப்பாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். "அம்மா, ஞாயித்துக்கெழம அவங்க வீடு பாக்க வர்றாங்க. ஹால்ல இருக்குற இங்கிலீஷ் நடிகருங்க போட்டோவயெல்லாம் கழட்டிப் பரண்ல போட்டுரு. சாமி படம் மட்டும் இருக்கட்டும். அவங்க பெரிய எடம், ஒரு மாதிரியா நெனப்பாங்க. நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றாய். அவ்வளவு நேரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் எழுந்துபோய் முக்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு ஏறிவிட்டார். நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "எறங்குங்க கீழ," என்றேன். "மகன் சொல்றான்ல," என்றார். "மகன் சொன்னா என்னயவும் சேத்துப் பரண்ல போட்டுருவீகளா?" என்றேன். பிறகு, "ஒங்க ரெண்டு பேருக்கும் எடையில மாட்டிக்கிட்டு நான் படுற பாடு," என்று முனகிக்கொண்டே இறங்கினார். படத்தைக் கழற்று என்று நீ சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'நமக்கு எதுக்கும்மா' என்று கேட்டாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அதற்குத்தான் இந்தப் பதில்.

போடிமெட்டுக்கு மேலே நான் பிறந்த ஏலக்காய் எஸ்டேட்டில் துரைமார்களுக்கு ஒரு கிளப் இருந்தது என்று உனக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம்மூர்த் துரைகள் வந்துவிட்ட காலம். ஆனாலும் துரை துரைதான். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஜீப்பில் படப்பெட்டி வரும். கிளப் முற்றத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். துணிக்கு முன்னால் நாற்காலியில் துரைமார்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும், அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் ஆபீஸ் கிளார்க்குகளும் இருப்பார்கள். கூலியாட்களின் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களுக்கு, காய் எடுக்கிறவர்களுக்கும் களை வெட்டுகிறவர்களுக்கும், துணிக்கு அந்தப் பக்கம் ஈரப் புல்லில் இடம். யாரும் சட்டம் போட்டு எங்களை அங்கே உட்கார வைக்கவில்லை. நாங்களாகவே போய் உட்கார்ந்துகொள்வோம், அப்படி உட்கார்ந்தால்தான் விரட்ட மாட்டார்கள் என்று தெரியும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மஞ்சு இறங்கித் துணியையே மூடிவிட்டால் அது விலகுகிறவரைக்கும் காத்திருந்து பார்ப்போம்.

துணிக்குப் பின்னால் இருந்து பார்த்தாலும் படம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். இது எங்களுக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் திரும்பி இருக்குமே என்று கேட்பாய். எங்களில் யாருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும்? துப்பாக்கி எடுப்பது, கை குலுக்குவது, சிகரெட் பற்றவைப்பது எல்லாம் அவர்கள் இடது கையால் செய்தார்கள். ஆக, வெள்ளைக்காரன் என்றால் நொட்டாங்கைக்காரன் என்று லயம் முழுக்க முடிவு கட்டியிருந்தோம். ராசாத்தி அக்கா என்று ஒருத்தி இருந்தாள். காய் எடுக்கிற கூட்டத்திலேயே வாய் நீளமானவள், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். படத்தில் பேசுகிறதையெல்லாம் எங்களுக்குச் சொல்கிறவள் அவள்தான். "எந்தா மோளே, இது தெரியலயா? நொட்டாங்கையில சோறு திங்கக் கூடாதுல்ல? அதான் முள்ளுக்கரண்டி வச்சுக் குத்தித் திங்கிறான்," என்பாள். கதாநாயகி கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால், "மாமியா கொடும. தாங்குவாளா? கெளம்பிட்டா," என்பாள். இங்கிலீஷில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள் சொல்லாத படத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

அந்தப் படங்களில் எனக்கு என்ன பிடித்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பூனைக்கண்ணி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு நடிகை இருந்தாள், நம் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறாளே, அவளேதான். ஒரு படத்தில் அவள் ஒன்றும் பேசாமல் சும்மா நிற்பாள். அவள் முகம் மட்டும் துணி முழுக்க நிறைந்திருக்கும். அழப்போகிறாள் என்று தெரியும், ஆனால் அழமாட்டாள். முன்னால் இருந்த துரைமார்களும் பின்னால் இருந்த நாங்களும் மூச்சுக்கூட விடாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண்ணின் முகத்தை அவ்வளவு நேரம் யாராவது பொறுமையாகப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. எஸ்டேட்டில் எங்களைத் தலை எண்ணுவார்கள், கையைப் பார்ப்பார்கள், கூடையைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் சோலி இல்லை. அன்றைக்குப் படம் விட்டு லயத்துக்கு நடந்து வரும்போது நானும் என் முகத்தை அவளைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரிந்தது, அது போதும்.

கோட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நீ அதைப் பாதியாகத்தான் கேட்டிருப்பாய். போடியில் சித்தி வீட்டில் தங்கித் தையல் பழகினேன். அப்போதுதான் ஜீப்பு ஓட்டுகிற உன் அப்பாவை எனக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் கோட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. நானே தைக்கிறேன் என்று துணிந்துவிட்டேன். அளவுக்கு ஒரு பழைய கோட்டைக்கூட யாரிடமும் வாங்கிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், அத்தனை வருஷம் வெள்ளைக்காரன் போட்டதையே கண்ணால் பார்த்தவள் நான் என்று ஒரு திமிர். காலர் மடிப்பு, தோள், இடுப்புப் பிடிப்பு எல்லாம் அச்சாக வந்தது. ஆனால் பட்டன் பெண்கள் சட்டையில் வருகிற பக்கம் வந்துவிட்டது, நெஞ்சுப் பை வலது பக்கம் போய்விட்டது. ஆம்பிளைச் சட்டையில் பை இடது பக்கம் என்பது எனக்குத் தெரியாதா? சட்டை வேறு, கோட்டு வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அழைப்பில் ஜீப்பு ஸ்டாண்டு ஆட்கள் பார்த்துவிட்டார்கள். "மாப்ளே, பொண்ணு சட்டையில்ல மாட்டிக்கிட்டு வந்திருக்க!" என்று தெருவே அதிரச் சிரித்தார்கள். என் மாமனார், "கழட்டிர்றா, மானம் போகுது," என்றார். உன் அப்பா கழற்றவில்லை. "மேட்டுல அடிக்கிற குளுருக்குப் பட்டன் எந்தப் பக்கம் இருந்தா என்ன? மூடுதுல்ல?" என்று சொல்லிவிட்டு ஊர்வலம் முடிகிறவரைக்கும் கோட்டோடு வந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் அவருக்குக் கோபமாகச் சோறு போட்டாலும் சூடாகப் போடுகிறேன். கல்யாணம் முடிந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிரித்தவர்களிடமெல்லாம், "கோட்டு போட்டுப் பழகுனவனே இப்பிடித்தான் போடுறான், ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று சண்டைக்குப் போனேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போடி தியேட்டரில் காலைக் காட்சிக்கு ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டார்கள். அந்தக் காலத்தில் காலைக் காட்சி இங்கிலீஷ் படம் என்றாலே குடும்பப் பெண்கள் போகக் கூடாத படம் என்று பெயர். நான் போனேன். தியேட்டர் முழுக்க ஆம்பிளைகள், நான் ஒருத்தி. உன் அப்பா வாசலில் ஜீப்பை நிறுத்திக் காவல் காத்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக முன்பக்கம் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். எங்கள் ஆள் வந்தார், லயத்தில் நாங்கள் நொட்டாங்கைத் துரை என்று பெயர் வைத்திருந்த நடிகர். தலை வகிடு எதிர்ப்பக்கம் இருந்தது. வலது கையால் கையெழுத்துப் போட்டார். கோட்டுப் பை இடது பக்கம். யாரோ வேறு ஆளை அவர் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இடைவேளைக்குள் புரிந்துவிட்டது. வெளியே வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியாமல் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம கோட்டு தப்பில்ல. நீ ஒக்காந்திருந்த பக்கத்துக்கு அது சரிதான்," என்றார். எட்டாவதுகூடத் தாண்டாத மனுஷன் சொன்னதை நீயும் கொஞ்சம் யோசித்துப் பார்.

மறு வாரமும் போனேன். உன்னை வயிற்றில் சுமந்தபோதும் போனேன். ஜீப்புக்காரன் பெண்டாட்டி இங்கிலீஷ் படத்துக்குப் போகிறாள் என்று ஊர் பேசியது. பேசினவர்கள் எல்லாருக்கும் பூனைக்கண்ணி போட்ட கழுத்து வெட்டு, பஃப் கை எல்லாம் வைத்து நான்தான் ரவிக்கை தைத்தேன். "அக்கா, புதுசா இருக்கே, எங்க பாத்தீக?" என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். பிறகு தியேட்டரை ஒரேயடியாகப் பூட்டியபோது, வாசலில் மாட்டியிருந்த பழைய ஸ்டில் அட்டைகளை மெஷின் ஆபரேட்டர் எனக்குத் தந்தார். சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற பாயிடம் கொண்டுபோனேன். "யாருத்தா இவுக?" என்றார். "எனக்குத் தெரிஞ்சவுக பாய்," என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. முருகனுக்குப் போடுகிற அதே தங்க ஓரம் வைத்துப் போட்டுக் கொடுத்தார்.

நீ சின்னவனாக இருந்தபோது அவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் பரீட்சைக்குப் போவாய். அது உனக்கு மறந்திருக்கும். காலேஜில் இருந்து வந்தபோது லேப்டாப்பில் ஒரு பழைய படத்தைப் போட்டுக்காட்டி, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து, "அம்மா, நீ சொன்ன கதையே தப்பு. அவ மாமியாரோட சண்ட போட்டுட்டுப் போகல, வேலைக்குப் போறா," என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் ராசாத்தி அக்காவின் கதையை நான் மாற்றிக்கொள்ளவில்லை, இனியும் மாற்ற மாட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். ஒருத்தர் ஒன்றின்மேல் உயிரை வைத்திருக்கும்போது அதில் தப்பைக் கண்டுபிடிப்பது பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. அது யாருக்கும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பார்ப்பதுதான் கஷ்டம். உன் அப்பாவுக்கு அந்தப் படங்களில் ஒன்றுகூடப் புரியாது, பாதியில் குறட்டை விடுவார். ஆனால் என்னைத் தனியாக உட்கார வைத்ததில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். தாய்மாமன்தான் எழுந்து போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நொட்டாங்கைத் துரை செத்துப்போன சேதி கேட்டு நான் போட்ட சந்தன மாலையைத் தொட்டுப் பார்த்தார். "இவுகெல்லாம் ஒங்க எஸ்டேட்டு தொரைமாருகளா? மாப்ள சொன்னாரு, ஒங்க அப்பா மேல எஸ்டேட்டுல ஆபீசரா இருந்தாருன்னு," என்றார். அப்போதுதான் அப்பு எனக்கு விளங்கியது. படம் இருந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் லயம் வெளியே வரும். அதற்குத்தான் பரண். கோபம் வந்தது என்று எழுதலாம்தான், ஆனால் வந்தது கோபம் இல்லை. மலங்காட்டில் அட்டைக் கடியில் களை வெட்டிச் செத்த என் அப்பனை ஆபீசர் ஆக்கிவிட்டாயே என்று அழுகைதான் வந்தது. உன் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"இல்லீங்க," என்றேன். "தொரைமாரு இவுகளப் பாக்க நாக்காலி போட்டு முன்னால ஒக்காந்திருப்பாக. நாங்க துணிக்குப் பின்னால புல்லுல ஒக்காந்திருப்போம். எங்க அப்பா அங்க களை வெட்டுனாரு, எங்க அம்மா காய் எடுத்தா. இவுக சினிமாவுல நடிக்கிறவுக. எனக்குச் சின்னப் புள்ளையில இருந்து பழக்கம்." தாய்மாமன், "ஓ," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா காபியைப் பாதியில் கீழே வைத்தார். தேதி பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள், அதைப் பேசவே இல்லை. "கலந்து சொல்றோம்," என்றார்கள். உன் அப்பா எழுந்துபோய் மாலையை நேராக்கிவிட்டார்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே பெண்ணின் அம்மா வந்தார். ஏதோ கேட்கப்போகிறார், கேட்டால் சுடச்சுடச் சொல்ல வேண்டும் என்று நானும் தயாராகத் திரும்பினேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, "மதினி, எம் மக ரூம்புக்குள்ளயும் இப்பிடித்தான்," என்றார். எனக்குப் புரியவில்லை. "கொரியாக்காரன் சீரியலு. அவனுக படமாத்தான் செவுரு பூரா ஒட்டி வச்சிருந்தா, வேலைக்குப் போன பெறகும் விடல. அன்னிக்கு நீங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றீகன்னு, காலையில அவ குளிக்கப் போன நேரத்துல நாந்தான் எல்லாத்தயும் கிழிச்சுப் போட்டேன். வந்து பாத்தா. ஒரு வார்த்த கேக்கல. சேலையக் கட்டிக்கிட்டு வந்து ஒங்க முன்னால நின்னுட்டா." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க செவுத்தப் பாத்ததும் அவ செவுருதான் கண்ணு முன்னால வந்துச்சு மதினி. நீங்க கழட்டல. நான் கிழிச்சுட்டேன்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அன்றைக்குப் பெண் பார்த்துவிட்டுக் காரில் திரும்பி வரும்போது, "ரொம்ப அடக்கமான பொண்ணும்மா, அதிகம் பேசல," என்று சந்தோஷமாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். அது அடக்கம் இல்லை அப்பு. காலையில் தன் சுவரைப் பறிகொடுத்தவள் மத்தியானம் அப்படித்தான் நிற்பாள்.

இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. தாய்மாமன் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. நான் உண்மையைச் சொன்னதால் நின்றுபோனால் அந்தப் பழி என்னுடையது, ஏற்றுக்கொள்கிறேன், ஒருநாளும் அதற்கு வருத்தப்பட மாட்டேன். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது அவரும் இல்லை, நானும் இல்லை. அந்தப் பெண்ணிடம் நீ வெரசாகப் பேசு. முதலில் உன் தாத்தா யார் என்று உன் வாயாலேயே சொல். அவள் வேண்டாம் என்றால் மரியாதையாகப் போனை வை. வேண்டும் என்றால், 'எனக்கு அந்த சீரியல் எல்லாம் பிரச்சினை இல்லை' என்று பெரிய மனசு பண்ணிப் பேசாதே, உன் அனுமதியை அவள் கேட்கவில்லை. கிழிந்து போன படங்களில் யார் யார் இருந்தார்கள் என்று கேள். அவள் ஒவ்வொருவராகச் சொல்வாள். அந்தப் பெயர்கள் உன் வாயில் நுழையாது. நுழைகிறவரைக்கும் சொல்லிப் பார்.

உன் அம்மா